ஒரு மர்ம நாவலும் பதினொரு வாசகர்களும்: மறைக்கப்பட்ட உண்மையா, மறுக்கப்பட்ட உண்மையா?

2006 ஆகஸ்ட் 11ஆம் திகதி முகமாலையில் சண்டை தொடங்கி ஏ9 வீதி மூடப்பட்டபோது, யாழ்ப்பாணத்தில் என் கையில் இருந்த புதிய புத்தகம் ஒன்றே ஒன்றுதான். டான் பிரவுன் எழுதிய 'த டாவின்சி கோட்'. கொழும்பிலிருந்து வந்த உறவினர் ஒருவர் வழிநெடுக பஸ்ஸில் வாசித்துக்கொண்டு வந்து, திரும்பும்போது எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போன பிரதி அது. அதன்பிறகு மாதக்கணக்கில் கப்பலில் சீனியும் மாவும் வந்து சேர்வதே பெரிய விசயமாக இருந்தது. புத்தகம் எங்கே வரும்? ஆகவே அந்த ஒரு பிரதி எங்கள் ஒழுங்கையிலும் அயலிலுமாகப் பதினொரு பேரின் கைகளுக்குப் போய்வந்தது. வாசித்தவர்களின் பெயர்களைக் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் குறித்து வைத்திருந்தேன். பன்னிரண்டாவது ஆள் ஒருவரும் இருந்தார். அவர் வாசிக்கவில்லை, கேட்டார். அவருடைய பெயர் அந்தப் பட்டியலில் இல்லை.

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு அந்தப் புத்தகத்தைப் பற்றி எழுதுவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, மத உணர்வைப் புண்படுத்துதல் என்ற குற்றச்சாட்டு இந்த நாட்டில் எழுதுபவர்களின் தலைக்கு மேல் முன்னரைவிடக் கனமாகத் தொங்குகிறது. மற்றது, 2025இல் செம்மணியில் தோண்டப்பட்ட குழிகள். இரண்டுக்கும் ஒரு அமெரிக்க மர்ம நாவலுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுத்திருக்க வேண்டும்.

நாவல் 2003இல் வெளியானது. பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தின் காப்பாளர் இரவில் சுட்டுக் கொல்லப்படுகிறார். சாகும்முன் அவர் தரையில் சில எண்களையும் புதிர்களையும் எழுதி வைக்கிறார். அவருடைய பேத்தியும் அமெரிக்கப் பேராசிரியர் ஒருவரும் அந்தப் புதிர்களை ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டு போகிறார்கள். இயேசு மகதலா மரியாவை மணந்திருந்தார், அவர்களுக்கு வாரிசுகள் உண்டு, அதைத் திருச்சபை மறைத்துவிட்டது, ஓர் இரகசியச் சங்கம் காத்துவருகிறது என்பதுதான் கடைசியில் வெளிப்படும் 'உண்மை'.

கதை என்ற அளவில் இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் நாவலின் முதற்பக்கத்திலேயே, இதில் வரும் சங்கமும் ஓவியங்களும் ஆவணங்களும் மெய்யானவை என்று ஆசிரியர் சொல்லிவிட்டார். அந்த ஒரு பக்கம்தான் உலகத்தைக் கிளப்பியது. நாவல் 1099இல் தொடங்கியதாகச் சொல்லும் அந்தச் சங்கம், உண்மையில் 1956இல் பிரான்சில் பியேர் பிளாந்தார் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் பதிவுசெய்த ஒன்று. அதற்குப் பழமை தேடுவதற்காகப் போலி ஆவணங்களைத் தயாரித்துப் பிரெஞ்சுத் தேசிய நூலகத்தில் வைத்திருந்தார்கள். இதெல்லாம் நாவல் வருவதற்கு முன்னரே அம்பலமான விசயங்கள். ஆயினும் எட்டுக் கோடிக்கும் அதிகமான பிரதிகள் விற்றன. வாசகர்கள் பாரிஸ் சென் சுல்பிஸ் தேவாலயத்துக்குப் போய் நாவலில் வரும் கோட்டைத் தேடினார்கள். கடைசியில் தேவாலயத்தார், நாவலில் சொல்லப்பட்டது சரியல்ல என்று ஓர் அறிவித்தலே எழுதி வைக்க வேண்டியதாயிற்று. 2004இல் லெபனான் நூலைத் தடைசெய்தது. 2005இல் இத்தாலியக் கர்தினால் தார்சீசியோ பெர்த்தோனே, கத்தோலிக்கர்கள் இதை வாங்கவோ வாசிக்கவோ வேண்டாம் என்றார். இப்படித் தடுத்ததெல்லாம் விற்பனையைக் கூட்டியது என்பது தனிக்கதை.

2006 மே மாதம் படம் வந்தது. கத்தோலிக்க ஆயர்கள் கேட்டுக்கொண்டதை அடுத்து, அன்றைய ஜனாதிபதி மகிந்த ராஜபக்ஷவின் உத்தரவின் பேரில் படம் இலங்கையில் தடைசெய்யப்பட்டது. தமிழ்நாட்டிலும் அரசு தடைவிதித்தது. ஆனால் அங்கே சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. நம்பிக்கையுள்ள ஒருவரின் மனம் இந்தக் கதையால் நோகக்கூடும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆயர்களுக்குக் கேட்க உரிமை உண்டு. கேட்டபோது அரசு செவிசாய்த்ததையும் பார்த்தோம். என் கேள்வி அந்தச் செவியைப் பற்றியது.

அதே ஆண்டில் எங்கள் பக்கத்துத் தேவாலயங்களுக்கு என்ன நடந்தது? முந்திய ஆண்டு நத்தார் நள்ளிரவுப் பூசையின்போதே மட்டக்களப்பு மரியாள் இணைப் பேராலயத்துக்குள் நாடாளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். 2006 ஜூன் 17ஆம் திகதி மன்னார் பேசாலையில், தஞ்சம் புகுந்த சனம் நிறைந்திருந்த வெற்றிமாதா தேவாலயத்தில் கைக்குண்டு வெடித்து ஒரு தாய் இறந்தார், பலர் காயமடைந்தார்கள். ஆகஸ்ட் 13ஆம் திகதி அல்லைப்பிட்டியில் புனித பிலிப்பு நேரியார் தேவாலயத்தில் ஷெல் விழுந்து, அங்கே ஒதுங்கியிருந்த மக்கள் கொல்லப்பட்டார்கள். எஞ்சியவர்களைப் பங்குத்தந்தை ஜிம் பிரவுன் அடிகளார் ஊர்காவற்றுறைக்குக் கூட்டிச் சென்றார். ஒரு வாரம் கழித்து, ஆகஸ்ட் 20ஆம் திகதி, அவரும் அவருடன் சென்ற ஒருவரும் காணாமல் போனார்கள். அவர்கள் கடைசியாகக் காணப்பட்டது அல்லைப்பிட்டிக் கடற்படைச் சோதனைச் சாவடிப் பக்கம். கடற்படை தனக்குத் தொடர்பில்லை என்று மறுத்தது. இன்றுவரை விடை இல்லை.

டான் பிரவுன் சொன்ன கற்பனைக்குத் தடை கிடைத்தது. ஜிம் பிரவுன் அடிகளாருக்கு விசாரணையின் முடிவுகூடக் கிடைக்கவில்லை. பெயர் ஒற்றுமை தற்செயல். ஆண்டு ஒற்றுமையை அப்படிச் சொல்லிவிட்டுப் போக முடியாது.

இந்தச் சூழலில்தான் எங்கள் ஒழுங்கையில் அந்த நாவல் வாசிக்கப்பட்டது. வெளிநாடுகளில் விமர்சகர்கள் எழுதியவற்றைப் பிறகு தேடி வாசித்தேன். இறையியல் சரியா, வரலாறு சரியா, நடை மோசமா என்றெல்லாம் அவர்கள் வாதாடினார்கள். எங்களவர்களுக்கு அவை பெரிய விசயமாகப் படவில்லை.

தீவுப் பகுதியிலிருந்து இடம்பெயர்ந்து எங்கள் ஒழுங்கைக்கு வந்திருந்த ஓய்வுபெற்ற கத்தோலிக்க மாஸ்ரர் ஒருவர், செப்டெம்பரில் நூலை வாங்கிப்போய் நாலு நாளில் திருப்பித் தந்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். "இது பொய்யெண்டு எனக்குத் தெரியும் தம்பி. அதுக்காக எனக்குக் கோபம் வரேல்ல. ஒண்டுதான் விளங்கேல்ல. ஒரு கிழவன் செத்ததுக்கு விடியமுன்னம் பாரிஸ் பொலிஸ் முழுக்க ஓடித்திரியுதே, அது உண்மையா?" என்று கேட்டார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. உலகமே ஐயப்பட்ட பகுதியை அவர் கதையென்று ஏற்றுக்கொண்டார். ஒரு கொலைக்கு உடனே விசாரணை நடப்பதைத்தான் அவரால் நம்ப முடியவில்லை.

அயலில் இருந்த இன்னொரு ஆசிரியை, அவரும் கத்தோலிக்கர், மகதலா மரியாவைப் பற்றிப் பேசினார். மரியாவை ஒரு பாவியான பெண்ணோடு சேர்த்துக் குழப்பியது 591ஆம் ஆண்டு பாப்பரசர் முதலாம் கிரகோரியாரின் பிரசங்கம். அந்தக் குழப்பத்தைத் திருச்சபையின் நாட்காட்டியிலிருந்து நீக்க 1969 வரை பிடித்தது. 2016இல் பாப்பரசர் பிரான்சிஸ் அவருடைய நினைவு நாளைத் திருவிழாவாக உயர்த்தினார். "ஒரு பொம்பிளையின்ர பெயரைக் கெடுக்க இரகசியச் சங்கம் எதுக்கு? ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் காணும்" என்றார் ஆசிரியை. பிறகு அவர் சொன்னதுதான் இன்றும் மனதில் நிற்கிறது. உயிர்த்த இயேசுவைப் பற்றி முதலில் வந்து சொன்னவர்கள் பெண்கள். சீடர்கள் அதை நம்பவில்லை, பிதற்றல் என்று நினைத்தார்கள். இது எந்த இரகசிய ஆவணத்திலும் ஒளிந்திருக்கவில்லை. லூக்கா நற்செய்தியில் எல்லாரும் வாசிக்கும்படி எழுதியிருக்கிறது. சாட்சி சொன்ன பெண்களை நம்பாமல் விடுவது எவ்வளவு பழைய பழக்கம் என்பதை, ஆணைக்குழு ஆணைக்குழுவாகப் போய் அழுத எங்கள் தாய்மாருக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

மூன்றாவது வாசகன் நான்தான். எனக்கு எண்கள் பிடித்துவிட்டன. அருங்காட்சியகத் தரையில் எழுதப்பட்டிருந்த 13-3-2-21-1-1-8-5 என்ற வரிசையைக் கொப்பியில் எழுதி, அதை ஒழுங்குபடுத்தினால் 1-1-2-3-5-8-13-21 என்று வருவதைப் பொடியங்களுக்குக் காட்டிக்கொண்டு திரிந்தேன். ஒவ்வொரு எண்ணும் அதற்கு முந்திய இரண்டின் கூட்டுத்தொகை. ஒருநாள் சைக்கிளில் போகையில் ஒரு சோதனைச் சாவடியில் பையைத் திறந்தார்கள். கொப்பியை விரித்த சிப்பாய் அந்தப் பக்கத்தில் நின்றுவிட்டார். தொலைபேசி எண்ணா, இடமா, திகதியா என்று கேட்டார். கணக்கு என்றேன். அரைகுறைச் சிங்களத்தில் கூட்டிக் காட்டினேன். காட்டக் காட்டச் சந்தேகம் கூடியது. அதிகாரி ஒருவர் வந்து பார்த்தார். வெயிலில் ஏறத்தாழ இரண்டு மணிநேரம் நின்றபின், அந்தத் தாளை மட்டும் கிழித்து வைத்துக்கொண்டு கொப்பியைத் திருப்பித் தந்தார்கள். அந்த ஆண்டு யாழ்ப்பாணத்தில் இதைவிடச் சிறிய காரணத்துக்காகப் போனவர்கள் திரும்பி வரவில்லை. நான் வந்தேன்.

எதைப் பார்த்தாலும் அதற்குள் இன்னொன்று ஒளிந்திருக்கிறது என்று நினைப்பது மர்ம நாவல் வாசகரின் இன்பம். அதே பழக்கம் அதிகாரம் உள்ளவரின் கைக்குப் போனால் என்ன நடக்கும் என்பதை அன்று கொஞ்சம் அறிந்துகொண்டேன். பின்னர் நடந்தவை அதை உறுதிப்படுத்தின. 2019 ஏப்ரலில் சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமார, ஒரு சிறுகதைக்காக ஐசிசிபிஆர் சட்டத்தின்கீழ் கைதுசெய்யப்பட்டு நான்கு மாதங்களுக்கு மேல் மறியலில் இருந்தார். பௌத்தத்தை அவமதித்தார் என்பது குற்றச்சாட்டு. மனித உரிமை உடன்படிக்கை ஒன்றின் பெயரைத் தாங்கிய சட்டம் அது. 2020 மே மாதம் அஹ்னாப் ஜஸீம் என்ற இளம் தமிழ்பேசும் முஸ்லிம் கவிஞர் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் கைதானார். 2017இல் வெளியான 'நவரசம்' என்ற அவருடைய கவிதைத் தொகுப்பு தீவிரவாதத்தைப் பரப்புகிறது என்றார்கள். தொகுப்பிலோ வன்முறையைக் கண்டிக்கும் கவிதைகள் இருந்தன. 2021 டிசம்பரில் பிணை. 2023 டிசம்பரில் விடுதலை. கவிதையைச் சங்கேதமாக வாசித்தவர்களால் ஓர் இளைஞனின் மூன்றரை ஆண்டுகள் போயின. இப்போது 2024இன் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் மத உணர்வைப் புண்படுத்தும் பொய்க்கூற்று என்பதைக் குற்றமாக வைத்திருக்கிறது. ஒரு நாவல் பொய்க்கூற்றா? நாவல் என்றாலே பொய்க்கூற்றுத்தானே! இதை யார் தீர்மானிப்பது என்ற கேள்வி சும்மா கேட்கப்படும் கேள்வி இல்லை.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். சந்தேகத்தோடு வாசிப்பது அரசுக்கு மட்டும் உரிய நோய் அல்ல. 'முறிந்த பனை' நூலை ஒளித்து வைத்து வாசித்த தலைமுறை எங்களுடையது. அதை எழுதியவர்களில் ஒருவரான ராஜினி திராணகம 1989இல் யாழ்ப்பாணத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். எந்தப் பக்கத்து அதிகாரமும் கேள்வி கேட்கும் எழுத்தை விரும்பியதில்லை.

2019 உயிர்த்த ஞாயிறு இந்தக் கதைக்கு இன்னொரு திருப்பத்தைத் தந்தது. கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு சீயோன் தேவாலயங்களிலும் கொழும்பு விடுதிகளிலும் 260க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். அதன்பின் நாடு முழுவதுமே மர்ம நாவல் வாசகர்களாக மாறியது. மூளையாக இருந்தவர் யார், பின்னால் நின்ற கை எது என்று ஆளுக்கொரு கதை. அந்தக் கதைகளில் பலவற்றுக்கு விலை கொடுத்தவர்கள் சம்பவத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத முஸ்லிம் மக்கள். ஆனால் இங்கும் முக்கியமான உண்மை மர்மமானதல்ல. முன்கூட்டியே உளவுத் தகவல் வந்தது, அதைக் கையிலெடுக்க வேண்டியவர்கள் எடுக்கவில்லை. உயர் நீதிமன்றமே 2023 ஜனவரியில் அதைச் சொல்லி, முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டுமென்று தீர்ப்பளித்தது. படம் ஒன்றைத் தடைசெய்யக் கேட்டபோது அரசின் கதவு எளிதில் திறந்ததைக் கண்ட அதே திருச்சபை, தன் மக்களின் மரணத்துக்கு நீதி கேட்டு ஆண்டுக்கணக்காகக் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறது. பேசாலையும் அல்லைப்பிட்டியும் முன்னரே அறிந்திருந்த அனுபவம் அது.

டாவின்சி கோட் போன்ற நாவல்களின் அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. உண்மை எங்கோ மறைந்திருக்கிறது. கெட்டிக்காரர் ஒருவர் அதைக் கண்டுபிடித்துவிட்டால் உலகம் மாறிவிடும். அதனால்தான் அதிகாரங்கள் அதைக் கண்டு நடுங்குகின்றன என்று அந்தக் கதை சொல்கிறது. போரைக் கடந்துவந்த எங்களுக்கு இந்த நம்பிக்கைதான் கதையிலேயே மிகப் பெரிய கற்பனை. எங்கள் உண்மைகளில் பெரும்பாலானவை ஒளித்துவைக்கப்படவில்லை. அவை உரத்துச் சொல்லப்பட்டவை. கேட்டவர்கள் எழுந்து போய்விட்டார்கள்.

செம்மணியைப் பாருங்கள். கிருசாந்தி குமாரசுவாமி கொலை வழக்கில் தண்டனை பெற்ற படைச் சிப்பாய் ஒருவர், அங்கே 300 முதல் 400 வரையான உடல்கள் புதைக்கப்பட்டிருப்பதாக 1998 ஜூலையில் கொழும்பு நீதிமன்றத்தில், எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். சங்கேதமும் இல்லை, புதிரும் இல்லை. 1999இல் தோண்டியபோது 15 எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டன. பிறகு கால் நூற்றாண்டு மௌனம். 2025இல் சித்துப்பாத்தி மயானத்தில் கட்டட வேலைக்காக மண்ணைக் கிளறியபோது எலும்புகள் தெரிந்தன. நீதிமன்றக் கண்காணிப்பில் நடந்த அகழ்வில் 200க்கும் அதிகமான எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. சிறுவர்களுடையவையும் இருந்தன. ஒரு பாடசாலைப் பையும் இருந்தது.

இனி அந்தப் பன்னிரண்டாவது ஆளைப் பற்றிச் சொல்லலாம். எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கும் அன்ரி. அவருடைய மகன் 1996இல் சுற்றிவளைப்பில் கொண்டுபோகப்பட்டவன். 2006இன் ஊரடங்கு மாலைகளில், அரிக்கன் லாம்பு வெளிச்சத்தில், நான் நாவலை அவருக்குத் தமிழில் கதையாகச் சொன்னேன். அவர் சைவம்; இயேசு மணம் முடித்தாரா இல்லையா என்பதில் அவருக்கு அக்கறை இல்லை. கதையின் முடிவுக்கு வந்தேன். விபத்தில் குடும்பம் முழுவதும் செத்துவிட்டது என்று நம்பி வளர்ந்த அந்தப் பெண், தன் பாட்டியும் தம்பியும் ஸ்கொட்லாந்தில் ஒரு பழைய தேவாலயத்தருகே உயிரோடு இருப்பதைக் காண்கிறாள். இரகசியச் சங்கம் அவர்களை ஒளித்துக் காத்திருந்தது.

அன்ரி லாம்பைக் கிட்ட இழுத்து வைத்தார். "திருப்பிச் சொல்லும்" என்றார். திருப்பிச் சொன்னேன். அடுத்த நாளும் அந்த இடத்தை மட்டும் கேட்டார். யாரோ எங்கேயோ இரகசியமாக வைத்திருக்கிறார்கள், ஆகவே உயிரோடு இருக்கிறான்: இந்த நாட்டில் காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்கள் பல, அந்த நாவலின் கடைசி அத்தியாயத்துக்குள் வாழ்கின்றன. அது மூட நம்பிக்கையும் அல்ல. 2015இல் ஐ.நா. செயற்குழு திருகோணமலைக் கடற்படைத் தளத்துக்குள் இரகசியத் தடுப்பிடம் ஒன்று இருந்ததைப் பார்த்துச் சொன்னது. 2020 ஜனவரியில் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ, காணாமல் போனவர்கள் இறந்துவிட்டார்கள் என்று ஒரே வாக்கியத்தில் முடிக்கப் பார்த்தார். எப்படி, எங்கே, யாரால் என்பவை அந்த வாக்கியத்தில் இல்லை. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய தாய்மாரின் போராட்டம் கேட்பது அவற்றைத்தான்.

2025 ஆகஸ்டில், செம்மணியில் எடுக்கப்பட்ட உடுப்புகளையும் பொருட்களையும் மக்கள் பார்த்து அடையாளம் காட்டுவதற்காக வைத்தார்கள். அன்ரியை நான்தான் ஓட்டோவில் கூட்டிப்போனேன். எண்பதை நெருங்கும் வயது. ஒவ்வொரு துணியின் முன்னும் நின்று, குனிந்து, நேரமெடுத்துப் பார்த்தார். வெளியே வந்து வேலியோரம் நிழலில் இருந்தார். தண்ணீர்ப் போத்தலைத் திறந்து கொடுத்தேன்.

"ஒண்டும் அவன்ர இல்லை" என்றார். பிறகு கனநேரம் பேசவில்லை. ஓட்டோ வந்து நின்றபோதுதான் கேட்டார்.

"தம்பி, அந்த இங்கிலிசுக் கதையில, அந்தப் பொடியன் உயிரோடதான் இருந்தவன் எண்டு சொன்னனீர், என்ன?"

ஓம் அன்ரி என்றேன்.